உமிழ்வு குறைந்தது சரி, யார் குறைத்தது?

5 செப்டம்பர் 2025 (ஒரு வாசகரின் கேள்வி)

பெருநகரங்களின் காலநிலை அறிக்கைகளை வரிசையாகப் படித்து வருகிறேன். பத்து வருடத்தில் உமிழ்வு மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது என்கிறார்கள். அதே பத்து வருடத்தில் ஜனத்தொகை ஏறியிருக்கிறது, கண்ணாடிக் கட்டடங்கள் ஏறியிருக்கின்றன, ஏசி ஏறியிருக்கிறது. எல்லாம் ஏறும்போது இது மட்டும் எப்படி இறங்கும்? கணக்கில் தில்லுமுல்லு இருக்கிறதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

5 செப்டம்பர், இரவு

தில்லுமுல்லு என்று அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் கூட்டல் கழித்தல் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த விடை எந்தக் கேள்விக்கு உரியது என்று யாரும் நின்று பார்ப்பதில்லை. நான் பெரிய கட்டடங்களில் எரிசக்தி ஆடிட் செய்கிறவன். வாங்கிய மின்சாரம் எங்கே போகிறது என்று மீட்டர் மாட்டிப் பார்ப்பதுதான் வேலை. அந்த இடத்தில் நின்று சொல்கிறேன்.

நகரத்தின் மின்சார உமிழ்வு இரண்டு எண்களின் பெருக்கல். நகரம் எத்தனை யூனிட் செலவழித்தது என்பது ஒன்று. ஒரு யூனிட்டைத் தயாரிக்க மின்நிலையங்கள் எவ்வளவு கரியமில வாயுவை விட்டன என்பது மற்றது. ஒரு கற்பனை நகரம் வருடத்துக்கு 1,000 கோடி யூனிட் செலவழிக்கிறது, யூனிட்டுக்கு 500 கிராம் என்று வையுங்கள். 50 லட்சம் டன் வரும். பத்து வருடம் கழித்து 1,100 கோடி யூனிட், யூனிட்டுக்கு 300 கிராம். இப்போது 33 லட்சம் டன். உமிழ்வு 34 சதவீதம் குறைந்தது என்று அறிக்கை வரும். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. ஆனால் நகரம் 10 சதவீதம் கூடுதலாகத்தான் செலவழித்திருக்கிறது.

நிஜத்திலும் இதுதான் நடந்தது. பிரிட்டனில் 2012-ல் மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. கடைசி நிலக்கரி நிலையமான ராட்கிளிஃப்-ஆன்-சோர் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. இந்த இடைவெளியில் லண்டனில் ஒரு பல்பைக்கூட மாற்றாத கட்டடத்துக்கும் மின்சார உமிழ்வு பாதிக்கு மேல் இறங்கியிருக்கும். டொராண்டோவிலும் அப்படித்தான். ஒன்டாரியோ மாகாணம் 2003 வாக்கில் கால்வாசி மின்சாரத்தை நிலக்கரியிலிருந்து எடுத்தது, 2014-ல் அதை முழுக்க நிறுத்தியது. நகரத்தின் உமிழ்வுக் கோடு சரசரவென்று இறங்கியது. அதில் பெரும்பங்கு மாகாண அரசின் முடிவுக்கு உரியது.

நல்ல காரியம்தான், ஐயமே இல்லை. காற்றுக்கு எந்த டன் யாருடையது என்று தெரியாது. ஆனால் நகரத்தின் செயல்பாடு எப்படி என்று கேட்டால் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டியே ஆக வேண்டும்.

6 செப்டம்பர்

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. நியூயார்க் நகரமும் அதன் சுற்றுப்பகுதியும் ஏறக்குறைய கால்வாசி மின்சாரத்தை இண்டியன் பாயின்ட் அணுமின் நிலையத்திலிருந்து பெற்றுவந்தன. அதன் கடைசி உலை 2021 ஏப்ரல் 30 அன்று நின்றது. அந்த இடத்தைப் பெரும்பாலும் எரிவாயு பிடித்தது. மறுநாள் காலை லிஃப்ட் அதே லிஃப்ட், பம்பு அதே பம்பு, யூனிட்டுக்கான கிராம் மட்டும் ஏறிவிட்டது. கட்டடத்தைக் கச்சிதமாக நடத்திய மேலாளருக்கும் கெட்ட பெயர், அலட்சியமாக நடத்தியவருக்கும் அதே கெட்ட பெயர்.

இந்த ஓட்டையை அடைக்க உதவும் என்று கனடாவின் கியூபெக்கிலிருந்து 1,250 மெகாவாட் நீர்மின்சாரம் கொண்டுவரும் கேபிளைப் பதித்து வருகிறார்கள். பெரிய பகுதி ஏரிக்கும் ஆற்றுக்கும் அடியிலேயே போகிறது. அதுவும் வந்து சேர்ந்ததும் கோடு மறுபடி இறங்கும். அப்போதும் கட்டடத்துக்குள் என்ன மாறியது என்று தனியாகக் கேட்க வேண்டியிருக்கும்.

9 செப்டம்பர்

"அப்படியானால் பிரித்துக் காட்டிய நகரம் உண்டா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உண்டு, டோக்கியோ. இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் நகரம் அது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2010 ஏப்ரலில் டோக்கியோ பெருநகர அரசு பெரிய கட்டடங்களுக்கும் ஆலைகளுக்கும் உமிழ்வு உச்சவரம்பு போட்டது. வருடத்துக்கு 1,500 கிலோலிட்டர் கச்சா எண்ணெய்க்குச் சமமான எரிசக்தியைச் செலவழிக்கும் இடம் எல்லாம் உள்ளே வரும். சுமார் 1,300 இடங்கள். அலுவலகக் கட்டடங்களையும் உட்படுத்திய நகர அளவிலான உச்சவரம்புத் திட்டம் உலகிலேயே இதுதான் முதல். முதல் ஐந்து வருடத்துக்கு 6 அல்லது 8 சதவீதக் குறைப்பு, அடுத்த ஐந்துக்கு 15 அல்லது 17, அப்புறம் 25 அல்லது 27. 2025-ல் தொடங்கியிருக்கும் நான்காம் கட்டத்தில் 50 சதவீதம் வரை. இலக்கை எட்டாதவர், எட்டாமல் விட்ட அளவைப்போல 1.3 மடங்கு ஈடுகட்ட வேண்டும்.

எனக்கு இதில் பிடித்த இடம் வேறு. தொடக்கக் கட்டங்களில் யூனிட்டுக்கு எத்தனை கிராம் என்பதை முன்கூட்டியே நிலையாக வைத்துவிட்டார்கள். நடுவில் மின்நிலையங்கள் மாறினாலும் கட்டடத்தின் கணக்கில் அந்த எண் மாறாது. திட்டம் தொடங்கி ஒரு வருடத்திலேயே 2011 மார்ச் நிலநடுக்கமும் சுனாமியும் வந்தன. அணு உலைகள் ஒவ்வொன்றாக நின்றன, எரிவாயுவும் நிலக்கரியும் எண்ணெயும் இடத்தைப் பிடித்தன. நிஜமான கிராம் கணக்கு எகிறியது. ஆனால் கட்டடங்கள் தங்கள் யூனிட்டைக் குறைத்ததா இல்லையா என்பது தெளிவாகத் தெரிந்துகொண்டே இருந்தது.

அவர்கள் குறைத்தார்கள். அந்தக் கோடையில் பெரிய நுகர்வோர் 15 சதவீதம் குறைக்க வேண்டும் என்று தேசிய அரசே உத்தரவு போட்டது. அலுவலகங்களில் விளக்குகளைக் கழற்றினார்கள், எஸ்கலேட்டர்களை நிறுத்தினார்கள். நெருக்கடி தணிந்த பிறகும் வெளிச்சம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. 750 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இல்லாமல் அலுவலக வேலை நடக்காது என்று நினைத்த இடங்கள் 500-க்கும் அதற்குக் கீழேயும் பழகிவிட்டன. முதல் ஐந்து வருடம் முடிந்தபோது மொத்தக் குறைப்பு அடிப்படை அளவிலிருந்து 25 சதவீதம். கேட்டதோ 6 அல்லது 8.

நிலநடுக்கம் வராமல் இருந்திருந்தால் இவ்வளவு குறைந்திருக்குமா? குறைந்திருக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் மீட்டரும் கணக்கும் பொறுப்பாளரும் ஏற்கெனவே தயாராக இருந்ததால்தான் நெருக்கடியில் கிடைத்த குறைப்பு நிலைத்தது.

12 செப்டம்பர், பின்னிரவு

"பெரிய கட்டடத்தில் அப்படி என்னதான் வீணாகிறது? கடைசி ஆள் விளக்கை அணைத்துவிட்டுத்தானே போகிறார்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் தூக்கத்தை விட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஆடிட்டுக்குப் போனால் நான் முதலில் கேட்பது இரவு இரண்டு மணி லோடு. பகலில் ஆயிரம் காரணம் சொல்லலாம். இரவு இரண்டு மணிக்கு உள்ளே ஆளே இல்லை. அப்போதும் பகல் லோடில் பாதி ஓடிக்கொண்டிருந்தால் அந்த மின்சாரம் யாருக்காக?

ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில், குளிரூட்டும் இயந்திரங்கள் நிற்கும் பிளாண்ட் ரூமில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். காற்றைத் தள்ளும் ஃபேன்களுக்கெல்லாம் வேகத்தை ஏற்றி இறக்கும் விஎஃப்டி பேனல்கள் இருந்தன. தரமான சரக்கு. பேனல் கதவில் ஒரு திருகு: ஹேண்ட் (கையால் வைத்த வேகத்திலேயே ஓடும்), ஆஃப், ஆட்டோ (தானாக வேகத்தை மாற்றிக்கொள்ளும்). அத்தனை திருகும் ஹேண்டில் நின்றன, டிஸ்ப்ளேயில் 50 ஹெர்ட்ஸ். தேவைக்கேற்ப வேகத்தைக் குறைக்கத்தான் அந்தக் கருவியையே வாங்கினார்கள். அது முழு வேகத்தில் பூட்டப்பட்டு, ஆளில்லாத தளங்களுக்கு இரவு முழுக்கக் குளிர்காற்றை ஊதிக்கொண்டிருந்தது. திருகின் மேல் தூசி படிந்திருந்ததைப் பார்த்தால் மாதக்கணக்கில் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

இதன் கனம் புரிய ஒரு கணக்கு. ஃபேன் எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், இறங்கும். 50 ஹெர்ட்ஸை 40 ஆக்கினால் காற்று 80 சதவீதம் வரும், மின்சாரம் ஏறத்தாழ பாதியாகிவிடும். 0.8-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.512. நடைமுறையில் இந்த அளவு அப்படியே கிடைக்காது, குழாய்க்குள் நிலையான அழுத்தம் வைக்கும் இடங்களில் மிச்சம் கொஞ்சம் குறையும். இருந்தாலும் வேறு எந்த முதலீட்டிலும் இவ்வளவு எளிதாக இது வராது.

ஷிஃப்டில் இருந்த ஆப்பரேட்டரிடம் ஏன் ஹேண்டில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "சார், குளிரலைன்னு மேல இருந்து போன் வந்தா பதில் சொல்ல வேண்டியவன் நான். கரண்ட் பில் ஏறுச்சுன்னு இதுவரைக்கும் யாரும் எனக்கு போன் பண்ணினதில்லை." அவர் செய்தது அவர் நிலையில் முழுக்க நியாயம். கட்டடத்தின் எரிசக்திச் செலவைத் தீர்மானிக்கும் திருகு அவர் கையில் இருக்கிறது, பில் அவர் கண்ணில் படுவதே இல்லை. இந்த இடைவெளியை மூடாமல் எந்த நகரமும் கட்டடச் செலவைக் குறைக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். டோக்கியோ சட்டம் உரிமையாளரைப் பொறுப்பாக்கி, வாடகைக்கு இருப்பவரும் ஒத்துழைக்க வேண்டும் என்று எழுதி வைத்ததன் அருமை பிளாண்ட் ரூமில் நின்றால்தான் தெரியும்.

13 செப்டம்பர்

நேற்று எழுதியதற்கு ஒரு சேர்க்கை. உரிமையாளர் மெஷின் வாங்குகிறார், வாடகைக்காரர் பில் கட்டுகிறார். நல்ல சில்லர் (கட்டடம் முழுதுக்கும் குளிர்நீர் தரும் இயந்திரம்) வாங்க உரிமையாளருக்கு ஆசை எங்கிருந்து வரும்? ஆஸ்திரேலியாவின் நேபர்ஸ் என்ற கட்டடத் தரமதிப்பீடு இதை அழகாக அவிழ்த்தது. லிஃப்ட், மையக் குளிரூட்டல், பொது விளக்கு போன்ற உரிமையாளரின் பங்கைத் தனியாக அளந்து நட்சத்திரம் தருகிறார்கள். அதுவும் வரைபடத்தை வைத்து இல்லை, ஒரு வருட மீட்டர் கணக்கை வைத்து. 2010 முதல் பெரிய அலுவலகக் கட்டடத்தை விற்கும்போதும் வாடகைக்கு விடும்போதும் நட்சத்திரத்தைச் சொல்ல வேண்டும் என்றானதும் சிட்னி, மெல்போர்ன் கட்டட உரிமையாளர்கள் ஒருவரையொருவர் முந்தத் தொடங்கினார்கள். வரைபடத்தில் பசுமை விருது வாங்கி மீட்டரில் சறுக்கும் கட்டடங்களை நிறையப் பார்த்தவன் என்ற முறையில், அளந்து தரும் நட்சத்திரத்தையே நம்புகிறேன்.

18 செப்டம்பர்

முதல் நாள் எழுதியதை இன்னும் கூர்மையாக்க வேண்டும். யூனிட்டைப் பாருங்கள் என்றேன். ஒரு நண்பர் சரியான இடத்தில் பிடித்தார்: "எல்லோரும் மின்சாரக் காருக்கும் ஹீட் பம்புக்கும் மாறினால் யூனிட் ஏறத்தானே செய்யும்? அது தோல்வியா?"

தோல்வி இல்லை. அதனால் மின்சார யூனிட்டை மட்டும் பார்த்தால் போதாது, எரிவாயு, பெட்ரோல், டீசல், நீராவி எல்லாவற்றையும் ஒரே அலகுக்கு மாற்றி மொத்த எரிசக்தியைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் எஞ்சின் தான் குடிக்கும் எரிபொருளில் நான்கில் ஒரு பங்கைச் சக்கரத்துக்குக் கொடுத்தாலே பெரிது, மீதி வெப்பமாகப் போகிறது. மின்சாரக் காரில் பெரும்பகுதி சக்கரத்துக்கே போய்ச் சேரும். ஹீட் பம்பு ஒரு யூனிட் மின்சாரத்தை வாங்கி வெளிக்காற்றிலிருந்தும் வெப்பத்தை இழுத்து மொத்தம் மூன்று யூனிட் அளவுக்கு உள்ளே தரும். பாய்லரால் ஒன்றுக்கு ஒன்றுகூடத் தர முடியாது. ஆகவே நல்ல முறையில் மாறும் நகரத்தில் மின்சாரம் ஏறும், மொத்த எரிசக்தி இறங்கும். மின்சாரமும் ஏறி மொத்தமும் ஏறினால் அங்கே ஏதோ வீணாகிறது என்று அர்த்தம்.

அப்புறம் இன்னொன்று. மின்கட்டமைப்பு சுத்தமாகிவிட்டால் வீணாக்கினாலும் பரவாயில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். மாலை ஏழு மணியை நினைத்துப் பாருங்கள். சூரியன் இறங்கிவிட்டது, வீடுகளில் லோடு ஏறுகிறது. அந்த நேரத்தில் அவசரத்துக்கு இழுத்துவிடப்படுவது பெரும்பாலும் எரிவாயு நிலையங்களே. வருட சராசரி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த நேரத்தில் வீணாகும் யூனிட் அழுக்கு யூனிட்தான்.

19 செப்டம்பர்

தலைக்கு எத்தனை டன் என்று பட்டியல் போட்டு நகரங்களை வரிசைப்படுத்தியவருக்கு: வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள். லண்டனின் நடுவே சிட்டி ஆஃப் லண்டன் என்று ஒரு சதுர மைல் இருக்கிறது. 2021 கணக்கெடுப்பில் குடியிருந்தவர் 9,000-க்கும் குறைவு, வேலைக்கு வருபவர் 6 லட்சத்துக்கும் மேல். அங்கே தலைக்கு எத்தனை டன் என்றால் எந்தத் தலைக்கு? குளிர்நாட்டு நகரத்தையும் வெப்பநாட்டு நகரத்தையும் ஒரே வரிசையில் நிறுத்துவதும் சரிப்படாது. ஒரே நகரத்தைக்கூட கடுங்குளிர் வருடத்தையும் மிதமான வருடத்தையும் சரிப்படுத்தாமல் ஒப்பிடக் கூடாது. ஊரடங்கு வருடமான 2020-ஐ அடிப்படை ஆண்டாகவோ முடிவு ஆண்டாகவோ வைத்த அறிக்கையைப் பார்த்தால் உடனே அடுத்த ஆண்டையும் தேடிப் பாருங்கள்.

25 செப்டம்பர்

நகரங்களின் கணக்குக்கு வெளியே நிற்பவை பற்றி இன்று எழுதுகிறேன்.

உமிழ்வைக் கணக்கிட நகரங்கள் பெரும்பாலும் பின்பற்றும் விதிமுறை 2014 டிசம்பரில் லிமா மாநாட்டில் வெளியிடப்பட்டது. உலக வள நிறுவனமும், சி40, இக்லி என்ற நகரக் கூட்டமைப்புகளும் சேர்ந்து தயாரித்தது. அதில் அடிப்படை மட்டம் ஒன்று, விரிந்த மட்டம் ஒன்று. அடிப்படை மட்டத்தில் கட்டட எரிசக்தி, நகருக்குள் போக்குவரத்து, கழிவு மூன்றும் வரும். ஏசியிலிருந்தும் சில்லரிலிருந்தும் கசியும் வாயு வராது. அது விரிந்த மட்டத்தில்தான்.

இது எனக்கு நெஞ்சில் முள். பெரிய சில்லர்களில் ஆர்-134ஏ என்ற குளிரூட்டும் வாயு பரவலாக இருக்கிறது. கிலோவுக்கு 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். சந்தையில் வரும் 13.6 கிலோ சிலிண்டர் ஒன்று கசிந்தால் 19 டன்னுக்கு மேல். யூனிட்டுக்கு 500 கிராம் என்ற கணக்கில் ஏறத்தாழ 39,000 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். பழைய ஆர்-22 இதைவிட மோசம், கிலோவுக்கு 1,810. அது ஓசோன் ஒப்பந்தத்தின் கீழ் ஒழிக்கப்படும் வாயு என்பதால் காலநிலைக் கணக்கின் வாயுப் பட்டியலிலேயே இல்லை, எந்த மட்டத்திலும் வராது.

பிளாண்ட் ரூம் லாக்புக்கில் "கேஸ் டாப்-அப்" என்று ஒரு வரி இருக்கும். எழுதியவருக்கு அது சாதாரண பராமரிப்பு வேலை. ஆனால் மூடிய குழாய்க்குள் சுற்றும் கேஸ் செலவாகாது. நிரப்ப வேண்டி வந்தது என்றால் அவ்வளவும் வெளியே போயிருக்கிறது. ஆடிட் அறிக்கையில் மின்சார அட்டவணைக்குப் பக்கத்திலேயே இந்த டாப்-அப் கிலோக்களை டன்னாக்கி எழுதுகிறேன். எழுதியதும் நிர்வாகத்தின் கண் அங்கே போகிறது. சில நேரம் மொத்த விளக்கு மாற்றத்தால் மிச்சமாவதைவிட ஒரு வால்வின் கசிவை அடைப்பது பெரிதாக இருக்கும்.

எரிவாயுக் குழாய்க் கசிவும் இதே கதை. பாஸ்டன் நகரப் பகுதியின் காற்றில் மீத்தேனை நேரடியாக அளந்து 2015-ல் வெளியான ஆய்வில், அனுப்பிய எரிவாயுவில் 2.7 சதவீதம் கசிவதாகத் தெரிந்தது. அதிகாரபூர்வக் கணக்கைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். மீத்தேன் இருபது வருடக் கணக்கில் கரியமில வாயுவைவிட சுமார் 80 மடங்கு சூடேற்றும். 2021-ல் 48 அமெரிக்க நகரங்களின் சொந்த அறிக்கைகளைத் தனிக் கணக்கோடு ஒப்பிட்டார்கள். நகரங்கள் சராசரியாக 18.3 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தன. வேண்டுமென்றே மறைத்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் ஆளுக்கொரு வழி.

2 அக்டோபர்

கோபன்ஹேகன் பற்றி இரண்டு பேர் எழுதியிருந்தார்கள், ஒருவர் புகழ்ந்து, ஒருவர் திட்டி. இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

உலகின் முதல் கரிமச் சமநிலைத் தலைநகரம் (நிகர உமிழ்வு இல்லாத தலைநகரம்) ஆவோம், 2025-க்குள், என்று 2012-ல் திட்டம் போட்டார்கள். ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் பொதுக் குழாயில் வெந்நீர் வருகிறது, வீட்டுக்கு வீடு பாய்லர் இல்லை. அந்த வெந்நீரைத் தயாரிக்க நிலக்கரியை விட்டு மரக்கட்டைத் துகள்களுக்கு மாறினார்கள். கடைசி இடைவெளியை மூட அமாகர் பாக்கே குப்பை எரிப்பு நிலையத்தில் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்க நினைத்தார்கள். கூரையில் பனிச்சறுக்குப் பாதை உள்ள அதே நிலையம். அதற்கான அரசு நிதிக்குத் தகுதி கிடைக்கவில்லை. 2022 ஆகஸ்டில் 2025 இலக்கு நடக்காது என்று அறிவித்தார்கள்.

தவறவிட்ட தேதியைவிட என்னைக் குடைவது குப்பைதான். எரித்து வெப்பம் எடுப்பது புதைப்பதைவிட மேல், மறுக்கவில்லை. ஆனால் குப்பையில் பிளாஸ்டிக் இருக்கிறது, பிளாஸ்டிக் பெட்ரோலியத்தின் பிள்ளை. மரத்துகளின் கரியமில வாயுவோ, விதிமுறைப்படி மொத்தத்தில் சேராமல் தனியாகக் குறிக்கப்படுகிறது. வெட்டிய காடு எத்தனை வருடத்தில் திரும்ப வளரும் என்பது புகைபோக்கியில் எழுதியிருக்காது. அதனால் மரம் எரிக்கும் நகரங்களின் அறிக்கையில் அந்தத் தனிப் பத்தியைத் தேடிப் படிப்பேன்.

இருந்தும் அந்த நகரத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஊருக்கே ஒரு வெந்நீர்க் குழாய் இருந்தால், நாளைக்கு ஒரே ஒரு இடத்தில் மூலத்தை மாற்றி லட்சம் வீடுகளை மாற்றிவிடலாம். ஸ்டாக்ஹோம் தன் வார்தா நிலையத்தின் நிலக்கரி உலையை 2020-ல் மூடியது அப்படித்தான்.

3 அக்டோபர்

போக்குவரத்தை ஏன் தொடவில்லை என்று கேட்கிறீர்கள். அது என் துறை இல்லை, ஊகித்து எழுத மனம் வரவில்லை. ஒன்று மட்டும்: விமானப் பயணம் அடிப்படை மட்டக் கணக்கில் வராது. விமான நிலையத்தைத் தன் பெருமையாகச் சொல்லும் நகரங்கள் உமிழ்வு அட்டவணையில் அதைத் தேட வைத்துவிடும்.

9 அக்டோபர்

இன்னும் பெரிய கதவு ஒன்று இருக்கிறது. சட்டை வேறெங்கோ தைக்கப்படுகிறது, எஃகு வேறெங்கோ உருகுகிறது, பால் வேறெங்கோ கறக்கப்படுகிறது. வாங்கிப் பயன்படுத்துபவரின் கணக்கில் எழுதினால்? 2018-ல் சி40 அமைப்பு 79 நகரங்களுக்கு இப்படிக் கணக்குப் போட்டது. மொத்தம் வழக்கமான கணக்கைவிட 60 சதவீதம் கூடுதலாக வந்தது. பணக்கார நகரங்களுக்கு ஏறியது, பிறருக்காகப் பொருள் செய்து தரும் சில நகரங்களுக்கு இறங்கியது. ஆலையைத் துரத்திவிட்டு அதே பொருளை வெளியிலிருந்து வாங்கும் நகரம் வழக்கமான கணக்கில் நல்ல பிள்ளை ஆகிவிடுகிறது என்ற குறையை இது நேராக்குகிறது.

முதலில் இதுதான் நியாயமான ஒரே கணக்கு என்று எழுத நினைத்தேன். யோசித்தால் அப்படிச் சொல்ல முடியவில்லை. நகராட்சி ஒரு கட்டட விதியை மாற்றலாம், பஸ்ஸை மாற்றலாம். யார் எந்த நாட்டுச் சட்டை வாங்குகிறார்கள் என்பதில் அதன் கை எட்டாது. கை எட்டும் இடத்தில் என்ன செய்தது என்று முதலில் கேட்போம். இந்தப் பெரிய கணக்கு மனச்சாட்சிக்கு அவசியம், பக்கத்திலேயே அதையும் அச்சிட வேண்டும். 2023-ல் நியூயார்க் அப்படி வெளியிட்டது. வீடுகளின் உமிழ்வில் ஐந்தில் ஒரு பங்கு உணவிலிருந்து என்று தெரியவந்தது. வழக்கமான அட்டவணையில் உணவுக்கென ஒரு வரிசையே கிடையாது.

16 அக்டோபர்

வெந்நீர்க் குழாய் போலக் குளிர்நீர்க் குழாயும் உண்டா என்ற கேள்விக்கு: உண்டு. டொராண்டோ 2004 முதல் ஏரியின் ஆழத்திலிருந்து எடுக்கும் குளிர்ந்த நீரை வைத்து நகர மையக் கட்டடங்களைக் குளிர்விக்கிறது. அதே நீர் பிறகு குடிநீராகவும் போகிறது. பாரிஸ் செய்ன் ஆற்று நீரின் உதவியோடு இதைச் செய்கிறது. நூறு கூரைகளில் நூறு கூலிங் டவர் வைப்பதைவிட ஒரு பெரிய நிலையத்தைத் திறமையாக ஓட்டுவது எளிது. ஆனால் தெருவைத் தோண்டிக் குழாய் பதிக்க நகராட்சி மனம் வைத்தால்தான் நடக்கும்.

22 அக்டோபர்

நியூயார்க்கின் உள்ளூர்ச் சட்டம் 97 பற்றி நாலைந்து பேர் கேட்டதால் மொத்தமாகச் சொல்கிறேன். 2019-ல் நிறைவேறியது. 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட பெரும்பாலான கட்டடங்களுக்கு 2024 முதல் உமிழ்வு வரம்பு, 2030-ல் அது இன்னும் இறுகும். வரம்பைத் தாண்டினால் டன்னுக்கு 268 டாலர் அபராதம். நகர உமிழ்வில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கட்டடங்களிலிருந்தே வருவதால் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறார்கள். டோக்கியோ போலவே மின்சாரத்தின் கிராம் கணக்கை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். ஒரே உறுத்தல்: 2030-க்கான எண் 2024-க்கான எண்ணில் ஏறத்தாழ பாதி. மின்சாரம் அந்த அளவுக்குச் சுத்தமாகும் என்ற எதிர்பார்ப்பை இப்போதே கட்டடங்களின் வரவில் வைத்திருக்கிறார்கள். எதிர்பார்ப்பு பொய்த்தால் அந்த வித்தியாசத்தை யார் சுமப்பது?

23 அக்டோபர்

தன் கட்டடத்தில் பழைய சில்லரை மாற்றச் சொல்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டவருக்கு.

கையெழுத்துப் போடுவதற்கு முன் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். அங்கே லோடைக் குறைப்பதில் தொடங்கினார்கள். 6,514 ஜன்னல்களைக் கழற்றி, கட்டடத்துக்குள்ளேயே ஒரு தளத்தில் பட்டறை போட்டு, பழைய கண்ணாடிகளுக்கு நடுவே படலம் வைத்து மீண்டும் பொருத்தினார்கள். ரேடியேட்டர்களுக்குப் பின்னால் வெப்பம் தடுக்கும் தகடு வைத்தார்கள். லோடு குறைந்ததும் சில்லர்களைப் பெரிதாக்கும் தேவையே போய்விட்டது, இருந்ததைப் புதுப்பித்தே ஓட்டினார்கள். 38 சதவீதம் குறைப்பு என்று திட்டமிட்டது இந்த வரிசையால்தான் கட்டுப்படியானது.

உங்கள் கட்டடத்தில் ஒரு வார இரவு லோடை மணிக்கு மணி எடுங்கள். பேனல் திருகுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று நீங்களே கீழே இறங்கிப் பாருங்கள். லாக்புக்கில் டாப்-அப் கிலோவைக் கூட்டுங்கள். வெயில் நேராக விழும் பக்கத்துக் கண்ணாடிக்கு என்ன செய்யலாம் என்று விலை கேளுங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு வரும் லோடுக்கு எத்தனை டன் சில்லர் (இங்கே டன் என்பது குளிர்விக்கும் திறனின் அலகு) வேண்டும் என்று சப்ளையரிடம் கேளுங்கள். இப்போது அவர் சொல்லும் அளவு பழைய மெஷினின் பெயர்ப்பலகையைப் பார்த்து எழுதியதாக இருக்கும். லோடு அறிக்கை கைக்கு வந்ததும் இங்கே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.